முக்கொம்பில் கேட்ட இருபது நிமிடப் பாட்டு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கும். கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான என் மாமா, ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாமல் எங்களோடு தங்கி, அதே தொழிற்சாலையில் இயந்திரங்களின் படம் வரைகிற வேலை பார்த்தார். சிறுவயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு விட்டுவிட்டவர். விட்டது கைக்குத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டின் விளிம்பில் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சாப்பாடு முடிந்து அம்மா அடுக்களையைக் கழுவிவிடும் நேரத்தில் மாமாவின் நண்பர்கள் இருவரும் வருவார்கள். ஒருவர் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர். ஞாயிறு காலைகளில் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துவிட்டு நேராக வருவார். நான் அவரை ஆர்கன் சார் என்பேன். இன்னொருவர் பெரிய கடை வீதியில் அவர் அத்தா வைத்திருந்த அத்தர் கடையைப் பார்த்துக்கொண்டவர். துபாயில் இருந்த அவருடைய அண்ணன் அனுப்பிய டேப் ரிக்கார்டரைக் கைக்குழந்தைபோல் துண்டில் சுற்றி எடுத்து வருவார். அவர் எனக்கு டேப் அண்ணன். அவர் உள்ளே வந்தால் கூடம் முழுக்க மல்லிகையும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை நிற்கும்.

அவர்கள் மூவரும் கேட்டது ஒரே ஒரு கேசட். இங்கிலாந்தைச் சேர்ந்த ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. துபாயில் டேப் அண்ணனுடைய அண்ணனோடு வேலை பார்த்த யாரோ வைத்திருந்த இசைத்தட்டிலிருந்து பதிவு செய்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிடம். அந்தக் கேசட்டின் பிரதி திருச்சியில் எந்தக் கடையிலும் இல்லை. மெட்ராஸுக்குப் போனபோது மாமா அங்கும் விசாரித்தார். கடைக்காரர் குழுவின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பழைய இந்திப் பாட்டு வேண்டுமா என்றாராம்.

பாட்டு என்று சொன்னாலும் பாடுவது குறைவு. அம்மாவுக்கு அதுதான் குறை. "ஏண்டா, பாட்டுன்னா அதுல நாலு வார்த்தை வேண்டாமா? இவா எப்போ வாயைத் திறப்பா?" என்பாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "இன்னுமா அதே பாட்டு ஓடறது?" என்று கேட்பார். "இப்போதான் பாதி ஆயிருக்கு அத்திம்பேர்" என்பார் மாமா, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

நான் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு காதைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பேன். ஆர்கன் மெதுவாக விடியும். அப்புறம் கிடாரும் டிரம்ஸும் சண்டை போட்டுக்கொண்டே எங்கோ மலையேறிப் போகும். எல்லாவற்றுக்கும் அடியில், தரைக்குள்ளிருந்து வருவதுபோல, பேஸ் கிடார் தனியாக நடந்துகொண்டிருக்கும். கண்ணை மூடினால் நான் தரையில் இல்லை. மாம்பழ நிறத்தில் ஒரு வானம், அதற்குக் கீழே மெல்ல நகரும் தண்ணீர், அதன்மேல் நான். தூங்கினேனா கேட்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் வாதம் தொடங்கும்.

"ஏழு, ஏழு, அப்புறம் ஆறு. எங்கேயோ ஒண்ணை முழுங்கிடறான்" என்பார் மாமா, தொடையில் தாளம் போட்டுக் காட்டி.

"முழுங்கலைங்க. அடுத்த சுத்துல எட்டாத் திருப்பிக் குடுக்கறான் பாருங்க" என்பார் ஆர்கன் சார்.

டேப் அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். "நீங்க ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டே இருங்க. அந்த பேஸ் வாசிக்கிறவர் எண்ணவே இல்லை. தெரிஞ்ச தெருவுல நடக்கிற மாதிரி நடக்கிறாரு." அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பேஸ் வரியை முதலிலிருந்து கடைசிவரை வாயாலேயே பாடுவார்.

அந்த வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துப் போகாமல் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு எல்லோரும் காவேரி அணை இருக்கும் முக்கொம்புக்குப் போவதாகத் திட்டம். அங்கே எடுத்து வரச் சொன்னார். ஒரு வாரம் முழுக்க அது எங்கள் அலமாரியில் இருந்தது.

சனிக்கிழமை மதியம் மாமா வேலைக்குப் போயிருந்தார், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நம் குரல் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். வானொலியில் செய்தி வாசிப்பதுதான் அப்போது என் லட்சியம். பாட்டை நடுவில் நிறுத்தி, இரண்டையும் அழுத்தி வாசித்தேன். எதிர் வீட்டுப் பூனை நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று முழுக் கறுப்பு. நாளை நாங்கள் முக்கொம்பு போகிறோம். புளியோதரையும் தயிர்சாதமும் எடுத்துச் செல்லப்படும்.

வானொலியில் பாட்டு ஓடும்போது நாம் பேசினால் இரண்டும் சேர்ந்து கேட்கிறது அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டேன். என் குரல் மட்டும்தான் இருந்தது. பூனைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அங்கே இருந்த பாட்டு எங்கே போயிற்று என்று கேசட்டை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மா கொடுத்த காராசேவு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி முக்கொம்பு போனோம். அப்பாவும் அம்மாவும் வரவில்லை. காவேரியில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. மதகுகளின் இரைச்சல் கொஞ்சம் தள்ளிக் கேட்கும் இடமாகப் பார்த்து, ஒரு மரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஆர்கன் சார் புது பேட்டரிகளைப் போட்டார். மாமா பொத்தானை அழுத்தினார்.

அந்தப் பாட்டு அவ்வளவு அழகாக நான் கேட்டதில்லை. அதற்கு முன்னால் நான் பயந்துகொண்டு கேட்டதும் இல்லை. ஆர்கன் விடிந்தது. சண்டை மலையேறியது. ஒவ்வொரு நிமிடமும் அந்த இடம் நெருங்கி வந்தது. சண்டை ஓய்ந்து, ஆர்கனும் பேஸும் மட்டும் தனித்து நிற்கும் நடுப்பகுதி வந்ததும் மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு உயிரான இடம் அது.

டக் என்று ஒரு சத்தம். "வணக்கம். செய்திகள்" என்றது என் குரல்.

மாமா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அன்று அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டி நிறுத்தப் போனார்.

டேப் அண்ணன் அந்தக் கையைப் பிடித்தார். "நிறுத்தாதீங்க. ஓடட்டும்."

ஓடிக்கொண்டிருந்த பூனைச் செய்திக்கு அடியில் அவர் மெல்ல ஆரம்பித்தார். தும், தும்ம்தும், தும். அதே நடை. ஆர்கன் சார் ஒரு கணம் யோசித்தார். பிறகு விரல்களை ஜமக்காளத்தில் அழுத்திக்கொண்டு ஆர்கனின் பகுதியைப் பாடத் தொடங்கினார். கோயிலில் பாடுகிற கனத்த குரல். மாமா காலி டிபன் டப்பாவைக் கவிழ்த்து விரல் நுனியால் தட்டினார். ஏழு, ஏழு, ஆறு. அடுத்த சுற்றில் எட்டு. நான் டேப்பில் குட்டிகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரில் அழுதுகொண்டிருந்தேன். மூன்று பேரும் என்னைச் சுற்றி அந்தப் பாட்டைக் கட்டிக்கொண்டே போனார்கள். ஆற்றின் இரைச்சல்கூட அவர்களோடு சேர்ந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது.

புளியோதரை, தயிர்சாதம், வணக்கம். மறுபடி டக். பாட்டு திரும்பி வந்தது. அவர்கள் எந்த இடத்தில் பாடிக்கொண்டிருந்தார்களோ அதே இடத்தில், ஒரு மாத்திரை முன்னே பின்னே இல்லாமல் வந்து சேர்ந்தது.

"பிடிச்சுட்டோம்!" என்று ஆர்கன் சார் கத்தினார். பக்கத்து மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. திருப்பிப் போட்டு இன்னொரு முறை பாடினார்கள். அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது தடவை டேப் அண்ணன் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாதே பாப்பா, நீயும் சேர்ந்து வாசி" என்றார். பூனைச் செய்தியை நானும் வாசித்தேன்.

பாட்டு முடிந்ததும் மாமா எழுந்து ஆற்றோரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். கேசட் போன வருத்தம் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லவேண்டியதில்லை.

சத்திரத்தில் இறங்கி அவரவர் பஸ்ஸுக்குப் பிரிந்தபோது டேப் அண்ணன் வெறுங்கையோடு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். "அண்ணே, டேப்பை விட்டுட்டுப் போறீங்க!"

"மாமாகிட்டயே இருக்கட்டும்மா. வரும்போது வாங்கிக்கறேன், இன்ஷா அல்லா." என் தலையில் கை வைத்தார். பிறகு மாமாவிடம் வந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள். எங்கள் பஸ் வந்துவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜங்ஷனுக்குப் போய் வந்தார். பம்பாய்க்கு யாரையோ வழியனுப்பப் போனதாக அம்மா சொன்னாள். அங்கிருந்து விமானமாம். பெரியவர்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும் என்று நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆர்கன் சார் மட்டும் வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அவரும் மாமாவும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அதிக நேரம் ஓடவில்லை. டேப் அண்ணனுக்கு என்மேல் கோபம் போலிருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் வந்தால் சொல்ல ஒரு மன்னிப்பையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அன்று அந்தக் கேசட்டைப் போடச் சொல்லி யாருமே கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.