கறுப்புக் காரை மதம் மாற்றிய கதை

நகத்துக்குப் பூசும் "கியூட்டெக்ஸ்" மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு மலர்ச்சாலைக் கார்தான் நினைவுக்கு வரும். எங்கள் நாட்டில் மலர்ச்சாலை என்றால் பூக்கடை அல்ல, சவப்பெட்டியும் அதை ஏற்றிச் செல்லும் நீளக் கறுப்புக் காரும் வைத்திருக்கும் இடம். அப்படிப்பட்ட ஒரு கார், உள்ளங்கை அளவில், பத்து வயதில் எனக்குச் சொந்தமாக இருந்தது.

இப்போது ஐம்பதை நெருங்கும் வயதில், பழைய உலோக விளையாட்டு வாகனங்களைக் கழற்றி, கழுவி, வர்ணம் பூசிப் புதிதாக்குவது என் பொழுதுபோக்கு. தொழில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். எதைப் பூட்டி முடித்தாலும் மேசையில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடக்கும், அந்தத் திருகாணி இல்லாமலே வாகனம் முன்னையைவிட நன்றாக உருளும், அதில் என்ன நீதி இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உடுப்பிட்டியில் எங்கள் தேவாலயத்துக்கு, இயேசு பிறந்த நத்தார் காலத்தில், வெளிநாட்டுச் சபையார் ஒரு மரப்பெட்டி அனுப்புவார்கள். அங்கேயுள்ள பிள்ளைகள் விளையாடி அலுத்த சாமான்கள் அதற்குள் இருக்கும். சண்டை தொடங்கிய பிறகு நின்றுபோயிருந்த பெட்டி அந்த வருடம் எப்படியோ வந்து சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு, அகப்பட்டதை எடுக்க வேண்டும் என்பது ஓய்வுநாள் பாடசாலைச் சட்டம். மற்றப் பிள்ளைகள் கடவுள் தந்ததை எடுத்தார்கள்; நான் துழாவித் துழாவி, பாரமானதாகப் பார்த்து எடுத்தேன். ஒற்றைக் கண் பொம்மையும் சில்லு கழன்று உருளாத பஸ்ஸும் கிடைத்தவர்கள் என்னை வெறுப்போடு பார்க்க, பக்கமெல்லாம் கண்ணாடி, கூரையில் வெள்ளிக் கம்பி, பின்னால் திறக்கும் கதவு என்று பளபளத்த அந்தக் கறுப்பு வாகனத்தை நான் யாரோ ஒரு தேசாதிபதியின் கார் என்றே எண்ணி, ஓட்டமாக ஓடி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த அப்பாவின் காலடியில் கொண்டுபோய் உருட்டினேன்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அந்த வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம், இதய நோய்; நாலு சொல் கதைத்தால் மூச்சு வாங்கும், ஆனால் அந்த நாலு சொல்லில் இரண்டு பகிடியாக இருக்கும். அவரைப் பார்க்க வந்திருந்த பெரியம்மாவின் கண்ணில் முதலில் பட்டது என் காரின் பின்கதவு.

"உதென்னடா? ஐயோ ஆண்டவரே, மலர்ச்சாலைக் காரல்லோ! வருத்தக்காரன் படுத்திருக்கிற வீட்டுக்கை உதை ஓட்டிக்கொண்டு வாறியே?"

எங்கள் வீட்டில் சகுனம் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். "நாங்கள் வேதக்காரர் அக்கா, உதெல்லாம் பாக்கிறேல்லை" என்று அம்மா தலையை நிமிர்த்திச் சொன்னா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எண்டாலும் தம்பி, உதைக் கொண்டுபோய்க் கோடிக்கை வை" என்றா.

அப்பா மட்டும் காரைக் கையில் வாங்கி, பின்கதவைத் திறந்து பார்த்தார். "என்ரை சுண்டுவிரலும் இதுக்கை கொள்ளாது. அளவான ஒண்டு வரட்டும், அப்ப யோசிப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டின் பின்புறம், ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் காரோடு தனியே குந்தியிருந்தபோது சிரிப்பு வரவில்லை. கார் அப்பாவின் கதிரையடி வரை போய் வந்துவிட்டதே என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். எறியவும் மனமில்லை, அந்தப் பாரத்தோடு ஒரு வாகனம் என் சீவியத்தில் அதற்குமுன் கிடைத்ததில்லை. எறிந்தாலும் அது எங்கேயோ பற்றைக்குள் கறுப்பாகத்தானே கிடக்கும்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். என் பூட்டன் மதம் மாறித்தானே நாங்கள் வேதக்காரர் ஆனோம். ஒரு மனுசனையே மாற்றலாம் என்றால் ஒரு காரை மாற்ற முடியாதா?

முதல் ஞானஸ்நானம் சுண்ணாம்பில். வெள்ளையாக்கி, அக்கா ஒளித்து வைத்திருந்த கியூட்டெக்ஸில் சிவப்புச் சிலுவை போட்டு, அம்புலன்ஸ் ஆக்கினேன். அம்புலன்ஸ் என்றால் ஆளைக் காப்பாற்றும் வாகனம் என்பது என் நம்பிக்கை. வெயிலில் காய்ந்ததும் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சிலுவை மட்டும் கறுப்பில் தனியே நின்றது. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப இது செத்தவைக்கு மருந்து குடுக்கிற கார் மாதிரிக் கிடக்கடா." கியூட்டெக்ஸ் குப்பியைக் காணாத அக்கா என் தலையில் போட்ட குட்டு வேறு.

இரண்டாவதாக, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி மயிலிட்டியிலிருந்து மீன் ஏற்றும் வாகனம் ஆக்கினேன். அப்படியொரு வாகனத்தை நான் கண்டதில்லை, வெள்ளியாக மினுங்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். பெரியம்மா எட்டிப் பார்த்து, "சவப்பெட்டிக்கும் வெள்ளித்தாள் சுத்தியாச்சோ?" என்றுவிட்டுப் போனா. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் நவம் அண்ணையின் கார் நினைவுக்கு வந்தது. எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் அது, சாம்பல் நிற ஒஸ்ரின் கேம்பிறிச். பெற்றோல் தட்டுப்பாட்டில் துளிப் பெற்றோல் ஊற்றி உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அது போன வழி முழுக்க மணக்கும். ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்குப் போனதும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் காரில்தான். அதைவிடப் பாதுகாப்பான வாகனம் உலகத்தில் இருக்க முடியாது.

நவம் அண்ணை மட்காட்டுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றைச் சிரட்டையில் ஊற்றித் தந்தார். "என்ன, எனக்குப் போட்டியாய்க் கார் விடப் போறியோ?" என்று கேட்டாலும், கூரைக் கம்பியை இரும்பறுக்கும் வாள் அலகால் அறுத்துத் தந்ததும் அவர்தான். பக்கக் கண்ணாடிகளை அரைவாசிக்கு மறைத்துப் பூசினேன். உடைந்திருந்த ஒரு சில்லுக்கு, அப்பாவின் ஊசி மருந்துக் குப்பியின் றப்பர் மூடி அளவாக இருந்தது. காய்ந்ததும் கறுப்பு ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. பெரியம்மாவே காலடியில் கிடந்ததைக் கண்டு, "நவத்தின்ரை கார் மாதிரியெல்லோ கிடக்கு" என்றா. அப்பா அதைக் கதிரைக் கையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, "ஓம், இப்ப சரி" என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மலர்ச்சாலைக் கார் ஒன்று இந்த உலகத்தில் குறைந்துவிட்டது, இனி அப்பா எழும்பி நடப்பார் என்று ஆடுகளுக்குக்கூடச் சொல்லிவிட்டேன்.

சில நாளில் அப்பாவுக்கு மூச்சு ஒரேயடியாக முட்டியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். யாரோ ஓடினார்கள், படலையடியில் வந்து நின்றது நவம் அண்ணையின் கேம்பிறிச். அப்பாவை முன்சீற்றில் இருத்தினார்கள், அம்மா பின்னால் ஏறினா. கார் இயங்க மறுத்தது. "தள்ளுங்கோடா!" என்று நவம் அண்ணை கத்த, ஒழுங்கையில் நின்ற எல்லாரும் தள்ளினார்கள். நானும் டிக்கியில் இரண்டு கையையும் வைத்து, என் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். கார் உறுமிப் புகையைக் கக்கியபோது அப்பா யன்னலால் தலையை நீட்டி என்னைத் தேடிப் பார்த்தார்.

"தம்பி, உன்ரை கார் இதைவிட நல்லாய் ஓடும்."

அவர் திரும்பி வந்ததும் அதே காரில்தான். முன்சீற்றில் இல்லை. மலர்ச்சாலைக் காருக்கு எரிபொருள் கிடைக்காத காலம்; நவம் அண்ணை பின்சீற்றைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தார். நான் தடுத்து நின்றது ஒரு வாகனத்தை. சாவுக்கு வாகனத்துக்கா பஞ்சம்?

நவம் அண்ணையும் இப்போது இல்லை. அவருடைய கேம்பிறிச் இடப்பெயர்வில் எங்கே விடப்பட்டதென்று யாருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய்ப் புகை மணக்கும் காரை என் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தவே முடியவில்லை. என் கார் மட்டும், இடம்பெயர்ந்த வழியெல்லாம் என் காற்சட்டைப் பையில் வந்து, இன்றைக்கு என் வேலை மேசையில் நிற்கிறது.

போன மாதம் கனடாவிலிருந்து வந்த மருமகன், அக்காவின் மகன், அதைக் கண்டு துள்ளினான். "மாமா, இது லேசிலை கிடைக்காத மொடல். உந்தக் கோதாரிப் பெயின்ற்றைக் கழற்றிப்போட்டு, ஒரிஜினல் நிறத்துக்குக் கொண்டு வாங்கோ." இந்த வேலையின் முதல் விதி அதுதான்: அடியிலுள்ள ஆணியைத் துளைத்து, தகட்டைப் பிரித்து, பெயின்ற் உரிக்கும் மருந்தில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பிறந்தபோது இருந்த நிறத்துக்கே திருப்ப வேண்டும். எத்தனையோ பேருடைய கார்களை அப்படித் திருப்பியிருக்கிறேன். இதன் பிறந்த நிறம் எதுவென்று தெரிந்துகொண்டே, மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்தேன், திறந்ததை மூடினேன். "பாப்பம்" என்றேன். அவன் விமானம் ஏறிவிட்டான்.

பழைய பெயின்ற் வயதுபோய் உதிர்கிறது. அந்தச் சாம்பல் நிறம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கறுப்பையும் வெள்ளையையும் நானே கலந்து, கிட்டத்தட்ட அதுபோல ஒன்றை வைத்திருக்கிறேன். இன்று காலையும் கூரை விளிம்பில் கறுப்பு எட்டிப் பார்த்தது. மெல்லிய தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி பின்னால் நின்று பார்த்தா.

"இப்ப ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"பிறகேன் பூசுறியள்?"

நாங்கள் வேதக்காரர், சகுனம் பார்ப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னும் ஒரு பொட்டுக் கறுப்பு தெரிந்தது. முதலில் அதைப் பூசி முடித்தேன்.