பிலோமினா அக்கா சொல்லாமல் விட்டது

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலம்தான் மாடிப்படியில் நின்று, "இன்னா வாணி, வேலை ஓடிகினு கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கீழே இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் பாதி ராயபுரம் அங்கே கூடியிருந்தது.

ரயில்வேயில் அவரோடு சிக்னல் பழுது பார்த்தவர்களுக்கும் மாதா கோயிலில் அவரோடு பாடியவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு கணினி சம்பந்தப்பட்டது. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எண்ணூர் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு கணினியைச் சேர்த்துப் பொருத்தினேன். வீடியோ எடிட்டிங்கில் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு பாதி வேலையில் பட்டென்று அணையும், தானாக மறுபடி எழும். செய்ததெல்லாம் போய்விடும். "ராசியில்லாத மிஷினும்மா. இத்த தள்ளி வுட்டுட்டு வேற வேலை பாரு," என்றார் மாமியார். கணவரும் தலையாட்டத் தொடங்கினார். கையில் ஒரு வளைகாப்பு வீடியோ இருந்தது. அதுவும் கெட்டால் கணினியை விற்றுவிடுவது என்று பேச்சானது.

அக்காவுக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. என் புலம்பலைக் கேட்டு வந்தவர், அதைச் சொல்லிவிட்டுத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பவர் சப்ளை, ரேம், வயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட நான் துடித்தேன். "எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா நல்லாயிடும். எதுனால நல்லாச்சின்னு தெரியாம பூடும். மறுபடி படுத்துக்கும்," என்றார். ஒரு நாள் வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தோம். அப்புறம் இரண்டு ரேம்களில் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினோம், பிறகு மற்றதை. தினமும் டூட்டி முடிந்து வந்து, "எப்போ நின்னுச்சி?" என்று மட்டும் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் பதில் சொல்லிச் சொல்லித்தான், வெள்ளிக்கிழமையில் அது அதிகமாக நிற்கிறது என்பது எனக்கே உறைத்தது.

அந்த வெள்ளி சாயங்காலம் அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளிதோறும் வீடெல்லாம் சாம்பிராணி போடும் மாமியார், தட்டோடு உள்ளே வந்தார். கணினி மக்கர் செய்ய ஆரம்பித்ததிலிருந்து, திருஷ்டி கழிய வேண்டுமென்று அதற்குத் தனியாகப் புகை போடுவார். ஜன்னலைச் சாத்திவிட்டு, விசிறியால் புகையை அதன் மேலேயே தள்ளுவார். அதன் ஃபேனும் மொத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அக்கா என்னைப் பார்த்தார். மாமியார் போனதும் மூடியைக் கழற்றினோம். சூட்டைத் தணிக்கும் தகடுகளின் இடுக்கெல்லாம் பழுப்பாக, பிசுபிசுவென்று அடைத்திருந்தது. சூடு தாங்காமல்தான் அணைந்திருக்கிறது. அது நிற்க நிற்க அவர் புகையைக் கூட்டியிருக்கிறார், புகை கூடக் கூட அது நின்றிருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று எழுந்தேன். அக்கா கதவைச் சாத்தினார். "யாரு பண்ணதுன்னு கேட்டுகினு போயி இன்னா ஆவப்போவுது? மிஷின் ஓடணும், அவ்ளோதான்."

பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். பிறகு அவரே வெளியே போய் மாமியாரிடம் சொன்னார்: "கடல் காத்துல வர்ற தூசு பெரிம்மா, உள்ள பூந்துகினு கீது. இந்த ரூம்ல இனிமே தூசு, புகை ஒண்ணும் வராம நீங்கதான் பாத்துக்கணும்."

அன்றிலிருந்து மாமியார்தான் அந்த அறைக்குக் காவல். ஒரு ஊதுவத்தி ஏற்ற என்னையே விடமாட்டார். வளைகாப்பு வீடியோ ஒரு தடவைகூட நிற்காமல் முடிந்தது. அதைப் பார்த்தவர்கள் கூப்பிட்டார்கள். இன்றுவரை வேலை வந்துகொண்டே இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு வீடியோ வேண்டுமென்று அக்காவின் மகள் ஜெனி வந்தாள். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நடுவில் உடைந்துவிட்டாள். "அம்மா நெஞ்சு கரிக்குதுன்னுச்சி வாணிக்கா. கேஸுன்னு சொல்லி நான்தான் சோடா குடுத்துப் படுக்க வச்சேன். என்னாலதான்." வாசலில் நின்று கேட்ட மாமியார் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மிஷினு கெட்டது என் சாம்பிராணியால கண்ணு. எனக்கு அன்னிக்கே தெரியும். கழுவ வச்சிருந்த பிரஷ்ஷுல அந்த வாசனை வந்துச்சி. உங்கம்மா தூசு மேல பழியப் போட்டு என்னை வுட்டுட்டா. நானும் ஆசையாத்தான் போட்டேன், நீயும் ஆசையாத்தான் குடுத்த. உன்ன வுட்டுடு."

ஜெனி அவர் மடியில் முகம் வைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து, அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றைக் காட்டி, அதை முதலில் வைக்கச் சொன்னாள்.

நான் கோபக்காரி என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். இனியும் கோபம் வரும். ஆனால் பழுதைக் கண்டுபிடித்த பிறகு ஆளைத் தேடிப் போக மாட்டேன். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்.