பின்வரிசையில் ஓர் ஆள் இடம்

படத்தில் இல்லாத ஆளைப் படத்தில் சேர்ப்பது எங்கள் சிவகாசி அச்சகத்தில் அன்றாட வேலை. கல்யாணத்துக்கு வர முடியாத துபாய் அண்ணன், மகள் சடங்கைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த அப்பா என்று எத்தனையோ பேரைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள் கண்கலங்கிக் கும்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு புத்தக ஆர்டர் வந்தது. நூறு வருஷத்துக்கு முன் அங்கே கால்பந்து ஆடிய தன் தாத்தாவைப் பற்றிப் பேத்தி ஒருவர் எழுதியது. அவர்கள் பந்து முட்டை மாதிரி இருக்கும், கையாலும் பிடிக்கலாம். இதெல்லாம் ஒரு கால்பந்தா என்று சிரித்தேன். பக்கம் அமைக்க அமைக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் வாரமெல்லாம் ஷூ கம்பெனியில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை மைதானத்துக்கு ஓடியவர். அடுத்தவர் தோள்மேல் முழங்காலை ஊன்றி எழும்பிப் பந்தைப் பறிப்பாராம். ஒரு சீசன் முழுக்க ஆடி, அணியை இறுதி ஆட்டம்வரை இழுத்து வந்தவருக்கு, அதற்கு முந்தின வாரம் காறை எலும்பு முறிந்தது. அணி ஜெயித்தது. வெற்றிப் படத்தில் அவர் இல்லை. பிறகு போருக்குப் போனார், காலில் குண்டு பாய்ந்தது. திரும்பி வந்து ஆடவே இல்லை.

நானும் ஆடியவன்தான். டவுன் அணியில் வலது ஓரம். எங்கள் மாவட்ட இறுதி ஆட்டம் தீபாவளிக்கு முன்னால் வந்து தொலைத்தது. பட்டாசு லேபிள் லோடு ஏறாமல் நகரக் கூடாது என்றார் முதலாளி. பஸ் பிடித்து விருதுநகர் போய் இறங்கினால், கோப்பையை வாங்கிப் படமும் எடுத்து முடித்திருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு நான் ஒரு ஓலைவெடிகூடப் போடவில்லை.

அதனாலோ என்னவோ, அந்தத் தாத்தாவுடைய அணியின் வெற்றிப் படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பின்வரிசையில் இருவருக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் கிடந்தது. எடுத்தவனுக்கு ஆளை வரிசையாக நிறுத்தத் தெரியவில்லை என்று நினைத்தேன். வேறொரு படத்திலிருந்து அவரை வெட்டியெடுத்து, நிழல் ஒத்துப்போகும்படி அங்கே நிறுத்தி, புரூஃப் அனுப்பினேன்.

பேத்தி கோபப்படவில்லை. “அந்த இடம் கூட்டாளிகள் அவருக்காக விட்டது. சாகும்வரை அதைத்தான் எல்லாரிடமும் காட்டினார். தயவுசெய்து அவரை எடுத்துவிடுங்கள்” என்று எழுதியிருந்தார்.

எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலமே எங்கள் பழைய கோல்கீப்பரின் கடைக்குப் போய், சுவரில் தொங்கிய எங்கள் படத்தைக் கேட்டேன்.

“ஏலே, இம்புட்டு வருசம் கழிச்சு இது என்னத்துக்குலே? ஒன்னையும் ஒட்டிக்கிறப் போறியா?” என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான்.

கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். பதினோரு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். விரல் நுழைய இடமில்லை. இந்த வயதில் வெட்கமென்ன, அழுதேன்.

பிறகு வலது ஓரத்து இருவரை மட்டும் மெல்ல நகர்த்தினேன். நடுவே ஓர் ஆள் நிற்க இடம் வந்தது. அங்கே யாரையும் வைக்கவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினேன்.

“இங்கன யாருக்குங்க இடம் விட்டுருக்காக?” என்றாள் மனைவி.

“எனக்குத்தான்.”

“எம்புட்டு நல்ல சேக்காளிக!” என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.