முதுகைக் காட்டிப் பார்த்த ஆட்டம்

டயர்காரருக்கு வாயில் கெட்ட வார்த்தை வராது. தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேகவைத்து எடுக்கிற பட்டறையில் பாதி ஆயுளை ஓட்டியவர். அந்தப் புழுக்கத்திலும் நாற்றத்திலும் நிற்கிறவன் யாரையாவது திட்டாமல் இருக்க முடியாது என்பார்கள். அவர் திட்ட மாட்டார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடுவார். மாலையில் இறக்கும்போதும் கும்பிடுவார். அப்படிப்பட்டவர் மனதையும் ஒருவர் கசக்க வைத்தார். அவர்தான் ஊர்க் கால்பந்து அணியின் முதலாளி.

முதலாளி கெட்டவராக இருந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் பெயிண்ட் கம்பெனி நடத்துகிறவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார், கேட் திறக்கிறவரைக்கூட "வாங்க, போங்க" என்பார். ஆனால் அணிக்கு ஆள் எடுக்கிற மாதம் வந்துவிட்டால், காய்கறிக் கடையில் ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு வெறும் பையோடு வீடு திரும்புகிற மனிதராகிவிடுவார். மற்ற அணிகள் ஆளுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். இவர், "அவசரம் எதுக்கு? பார்க்கலாம்" என்பார். கடைசி நாளில், வேறெங்கோ வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு வயசாளி இரவல் ஆளாக வந்து இறங்குவான். ரசிகர்கள் முதலாளிக்கு வைத்த பெயரே "பார்க்கலாம் சார்".

"நம்ம டீமும் உங்க பட்டறையும் ஒண்ணுதாண்ணே. ரெண்டு இடத்துலயும் புது டயரே கிடையாது" என்று பக்கத்து எலெக்ட்ரிக் கடைக்காரர் கேலி செய்வார். கிழக்குப் பக்கத்துச் சிமெண்ட் படிகளில் அவரும் டயர்காரரும் பல வருஷமாக ஒன்றாக நின்று ஆட்டம் பார்க்கிறவர்கள்.

"அப்படிச் சொல்லாதீங்க. ஓட்டை விழுந்த டயர்மேல நாங்க ரப்பர் ஒட்ட மாட்டோம். திருப்பி அனுப்பிடுவோம்" என்பார் டயர்காரர்.

கேலிக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அந்த வருஷம் அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கனத்தது. காரணம் வீட்டு மாடியறையில் இருந்தது.

அணியின் நடுத் தடுப்பாட்டக்காரன் அவருடைய மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை அவள்தான் தலை துவட்டி, சோறு ஊட்டி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஊரார் அவனைத் "தூண்" என்று கூப்பிட்டார்கள். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்று ஒரு காலத்தில் பேச்சு. இப்போது பந்து போனது. அவன் திரும்பி ஓடுவதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு ஓடினான்.

ஒரு மாலை, வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவன் கூப்பிட்டான்.

"மாமா, கதவைச் சாத்துங்க. அக்கா காதுல விழக்கூடாது."

"என்ன மாப்ளே?"

"வெளியூர் டாக்டர்கிட்ட காட்டினேன். உள்ள ஜவ்வு நூலா தொங்குதாம். இந்த சீசன் முழுக்க உட்கார்ந்தா தப்பிக்குமாம். ஓடினா, நடக்கறதே சிரமம்னு சொல்லிட்டார்."

"அப்புறம் என்ன, முதலாளிகிட்ட சொல்லிடு."

"சொன்னா அதோட முடிஞ்சுது. நொண்டிக் காலை யாரு மாமா வெச்சிருப்பாங்க? இன்னொரு ஆளை வாங்கினா நான் பேசாம பெஞ்சுல உட்கார்ந்துக்குவேன். யாருக்கும் சந்தேகம் வராது. என் இடத்துல நிக்க வேற ஆளே இல்லையே, அதான் ஒவ்வொரு தடவையும் என்னையே இறக்கறாங்க." "நீங்கல்லாம் கத்துறீங்களே மாமா, புது ஆளு வேணும்னு... நல்லா கத்துங்க. அக்கா தலைமேல சத்தியம், யார்கிட்டயும் சொல்லாதீங்க, முக்கியமா அவகிட்ட."

சத்தியம் என்றால் டயர்காரருக்கு அது கடவுள் காதில் போட்ட வார்த்தை. அதை மீற மாட்டார்.

அன்றிலிருந்து அவர் கத்தின கத்தலைப் பார்த்து எலெக்ட்ரிக் கடைக்காரரே பயந்துபோனார். "தடுப்புக்கு ஆள் வாங்கு! தடுப்புக்கு ஆள் வாங்கு!" கழுத்து நரம்பு புடைக்க, தொண்டை கட்டிப்போக வீடு வருவார். மனைவி வெந்நீரை டம்ளரில் ஊற்றி ணங்கென்று வைப்பாள்.

"ஊரு கத்தட்டும். நீங்க எதுக்குங்க கத்துறீங்க?"

"டீமுக்கு ஆள் வேணும்ல..."

"டீமுக்கா? என் தம்பி நிக்கிற இடத்துக்கு ஆள் கேக்கறீங்க. வீட்டுப் பிள்ளைய வெளிய தள்ளுன்னு வீட்டு மாப்பிள்ளையே கோஷம் போட்டா, கேக்கறவன் சிரிக்க மாட்டானா?"

அவர் வெந்நீரைக் குடிப்பார். சூடாக இருந்தால் வாயைத் திறக்காமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

ஆள் எடுக்கிற மாதத்தின் நடுவில் முதலாளி ரசிகர்களைக் கூட்டிப் பேசினார். வருஷா வருஷம் நடப்பதுதான். பெயிண்ட் கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் முதலாளி, பக்கத்தில் ஆட்டக்காரர்கள். தூணும் இஸ்திரி போட்ட சட்டையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டயர்காரர் எழுந்தார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. தடுப்புக்கு ஒரே ஒரு ஆள். ஒரே ஒருத்தர் போதும். இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வாவது கிடைக்கும்."

முதலாளி சிரித்தார். அழகான சிரிப்பு.

"உங்க ஆர்வம் எனக்குப் புரியுது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு ஆள் வாங்கின எத்தனையோ டீம் இன்னைக்கு இருந்த இடம் தெரியலை. நான் அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன். நம்மகிட்ட இருக்கிறவங்கமேல நம்பிக்கை வைப்போமே. தூண் இருக்கும்போது நமக்கு என்ன பயம்?"

சொல்லிவிட்டுத் தூணின் தோளில் கை போட்டார். கூடம் கைதட்டியது. நேற்றுவரை ஆள் வாங்கு என்று கத்தினவர்களும் தட்டினார்கள். தூண் எழுந்து நின்று கும்பிட்டான். எழுந்தபோது நாற்காலிப் பிடியை அவன் அழுத்திய விதம் டயர்காரர் ஒருவர் கண்ணுக்குத்தான் பட்டது.

மாதம் முடிந்தது, ஆள் வரவில்லை. இந்த வருஷம் இரவலுக்குக்கூட ஒருவன் இல்லை. "சரியான விலைக்கு சரியான ஆள் அமையலை. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பேப்பரில் வந்திருந்தது.

கிழக்குப் படிக்காரர்கள் கொதித்தார்கள். ஒருவர் முதலாளி காரை மறிக்கலாம் என்றார், ஒருவர் மைதானத்துக்குள் செருப்பு வீசலாம் என்றார். டயர்காரர்தான் இரண்டும் வேண்டாமென்று தடுத்தார்.

"செருப்பு வீசினா ஆடுறவங்கமேல விழும். கல்லும் வேணாம், கெட்ட வார்த்தையும் வேணாம். முதலாளி வந்து உட்கார்ந்ததும் நாம மொத்தப் பேரும் திரும்பி நிப்போம். அவர் நம்ம முதுகைப் பார்க்கட்டும். இடைவேளை விசில் வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது. திரும்பறவன் முதலாளி ஆளு."

அத்தனை பேருக்கும் அது பிடித்துப்போனது. தன் சொல்லை இத்தனை பேர் கேட்டது அவருக்கும் புதிது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆட்டத்தன்று காலையில் தூண் முழங்காலுக்குத் துணிக்கட்டு போட்டுக்கொண்டிருந்தான். டயர்காரர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"நல்லா திரும்பி நில்லுங்க மாமா. நான் ஓடுற அழகைப் பார்க்காம இருந்தா உங்களுக்கும் நிம்மதி."

"இன்னைக்கு ஒரு நாள் முடியலைன்னு சொல்லிடேன் மாப்ளே."

"சொல்லிட்டா? அந்த இடத்துல கம்பத்தை நட்டு வெப்பாங்களா?"

மைதானத்தில் முதலாளி தன் இருக்கைக்கு வந்தார். டயர்காரர் கையைத் தூக்கினார். கிழக்குப் படிகளில் நின்ற கூட்டம் முழுவதும், ஒரே ஆள் மாதிரி, திரும்பியது. அவர் எப்போதும் நிற்பது உச்சிப் படி. திரும்பினால் மூக்குக்கு நேரே சுவர்தான். காரை பெயர்ந்து, பாசி படிந்து, யாரோ ஆணியால் கீறிய இதயப் படத்தோடு ஒரு சுவர். முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடுகிற சத்தம் கேட்டது. எதிர்ப் பக்கத்துக் கூட்டம் "ஓ" என்றது, விசில் அடித்தது, சிரித்தது.

பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது.

மைதானம் முழுக்க ஒரு சத்தமில்லை. டயர்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. பார்த்துவிட்டார்கள்! கோஷத்துக்கு அசையாத ஊர், இத்தனை முதுகுகளைப் பார்த்து வாயடைத்து நிற்கிறது. முதலாளிக்கு இப்போதாவது உறைத்திருக்கும். கண்ணை மூடி, "ஆண்டவா, அந்த மனுஷன் மனசை இளக்கு" என்று வேண்டிக்கொண்டார்.

"அண்ணே" என்று எலெக்ட்ரிக் கடைக்காரர் முணுமுணுத்தார். "என்ன இப்படி அமைதியா இருக்கு?"

"திரும்பாதீங்க. நம்மளைத்தான் பார்க்கறாங்க."

"இல்லண்ணே, யாரோ..."

"திரும்பாதீங்கன்னா!"

வாழ்க்கையிலேயே அவர் ஒருவரை அதட்டியது அப்போதுதான். அதட்டி முடிப்பதற்குள், முதலாளியின் இருக்கைக்குக் கீழே, ஆட்டக்காரர்களின் குடும்பத்தாருக்கு ஒதுக்கிய வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது. தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல். தினமும் மாடிப்படிக்குக் கீழே நின்று, சாப்பிட வாடா என்று கூப்பிடுகிற அதே குரல்.

திரும்பினார். தூணைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தான். ஒரு கால் நேராக இருந்தது, இன்னொன்று காலுக்குரிய கோணத்திலேயே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். பூங்கொத்து கொண்டுவந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதைப் பத்தியும் கவலைப்படாதீங்க. உங்க இடத்துக்கு நான் யாரையும் கொண்டுவரப் போறதில்லை. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் பொறுத்திருப்போம்."

உண்மையாகவே சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. அவர் போனதும் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"பெரிய மனுஷன்னா இவர் மனுஷன். கால் போயும் என் தம்பி இடத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கார். நீங்க? அவன் விழுந்தப்போ எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னீங்க?"

டயர்காரர் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாமாவைத் திட்டாதே" என்றான் தூண். மருந்து மயக்கத்தில் நாக்கு தடித்திருந்தது. "நான்தான் கத்தச் சொன்னேன். வேற ஆள் வந்தா நான் உட்கார்ந்துக்கலாம்னு பார்த்தேன். கால் முன்னாடியே போயிடுச்சுக்கா. டாக்டர் ஓடாதேன்னு சொல்லிட்டார்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் கன்னத்தைத் தடவினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவனை ஓட அனுப்பினீங்க?"

"சத்தியம் வாங்கிட்டான். உன் தலைமேல..."

"என் தலை என்னங்க பெரிய தலை? வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரூமைப் பூட்டிச் சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனே. ஊருக்கே கேக்கற மாதிரி கத்தத் தெரிஞ்சுது, பக்கத்துல படுத்திருக்கறவகிட்ட மெதுவா சொல்லத் தெரியலை."

அதற்குமேல் அவள் அவரிடம் பேசவில்லை. அவன் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் பேசவில்லை. அவர் பட்டறைக்குப் போனார், வந்தார். ஷட்டருக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். என்ன வேண்டுவது என்று தெரியாமல் திறந்துகொண்டார். கிழக்குப் படிகள் பக்கம் போகவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று தூண் மாடியறைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஒரு பக்கம் அக்கா தாங்கினாள், மறுபக்கம் டயர்காரர். குறுகலான படி, மூன்று பேருக்கு இடமில்லை. பாதி ஏறும்போது கட்டுப்போட்ட கால் சுவரில் இடித்தது. அவன் பல்லைக் கடித்தான்.

"உங்க மாமாவை இடுப்போட சேர்த்துப் பிடிக்கச் சொல்லுடா" என்றாள் அவள், தம்பியின் முகத்தை மட்டும் பார்த்து.

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, இடுப்போட சேர்த்துப் பிடிக்கணுமாம்."

"பிடிச்சிருக்கேன்னு சொல்லு" என்றார் டயர்காரர்.

அதை அவன் அக்காவிடம் சொல்லவில்லை. மேலே இன்னும் நிறையப் படிகள் இருந்தன.