புற்றுக்குப் புற்று அவள் நடந்த வழி

போன கார்த்திகையில் ஒரு விடியற்காலம். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் செல்விக்கு அந்த நேரம் பார்த்து இடுப்புவலி கண்டது. மேட்டுச்சாலை வரைக்கும்தான் ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள்.

அங்கே போகும் தார் ரோட்டில் இறங்கினோம். தண்ணீர் இடுப்பளவு வந்து இழுத்தது. திரும்பிவிட்டோம். எது வயல், எது வாய்க்கால், ஒன்றும் தெரியவில்லை. எங்கும் ஒரே வெள்ளக்காடு. சாமி மாடத்தின் முன் விழுந்தேன். “தாயே, ரெண்டு உசுரு. வழி காட்டு.”

அழுதபடி கண்ணை மூடினேன். ஆடித் திருவிழாவில் நாங்கள் பாடுகிற பாட்டு எங்கோ தூரத்தில் கேட்பது போல் இருந்தது. முன்னொரு காலம் ஏரி உடைந்தபோது, அம்மன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டு நடந்த கதை அது.

‘புத்துக்குப் புத்து போறா
பொடவ நனையாம போறா’

இன்றும் சாமி ஊர்வலம் அந்த வழிதான். நேராகப் போகாது. தரிசாகக் கிடக்கும் கரம்பில் புற்றுக்குப் புற்று நின்று, மஞ்சள் துணி கட்டிவிட்டு, சுற்றித்தான் மேட்டுச்சாலைக்குப் போகும்.

“புத்து வழியா போலாம்யா,” என்றேன்.

“இன்னாடி, பாட்ட நம்பி புள்ளத்தாச்சிய இட்டுக்கினு போறதா? அங்க பாம்பு கீது!” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

“பாம்பு கீதுன்னா தண்ணி ஏறலன்னுதான அர்த்தம்?”

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். “சாமிய தூக்க ஆளு கீது. என்னைத் தூக்க யாரு? நைனா, கைய குடு.”

மழைக்குள் ஒரு மஞ்சள் துணி தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தோம். அங்கே போனதும் இன்னொன்று தெரிந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மழைச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. நாங்கள் நடக்கிறோமா, மஞ்சள்தான் எங்களைத் தேடி வருகிறதா, புரியவில்லை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை.

மேட்டுச்சாலையில் ஆம்புலன்ஸ் நின்றது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். பேத்தியைக் கையில் வாங்கிய வீட்டுக்காரர் “அம்மா” என்றார். இப்போது அந்தக் கரம்பில் மண் எடுக்க யார் வந்தாலும் அவர்தான் முதலில் போய்க் குறுக்கே நிற்கிறார்.

பாட்டைக் கட்டியது யாரோ, எனக்குத் தெரியாது. வெள்ளத்தில் பிழைத்த ஒருத்தியின் வாயில் என் அம்மன்தான் அதை வைத்திருப்பாள். அம்மனை நம்புகிறவர்களே, உங்கள் ஊரிலும் சாமி சுற்றிப் போகிற வழி ஒன்று இருக்கும். ஒரு தடவை கூடவே நடந்து பாருங்கள். கஷ்டம் வந்தால் கூப்பிடுங்கள். அவள் உங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருப்பாள்.