கொட்டைப் பொடியும் சித்தியின் விரல்களும்

சித்தி விசா அலுவலகத்துக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு முதல் பிரசவம், துணைக்கு ஆளில்லை. கைரேகை வைப்பது மட்டும்தான் பாக்கி. நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நான் கூடப் போனேன்.

"நீ எத்தன தடவ வச்சிருப்ப, ஊர்சுத்தி. வலிக்குமா?"

"ஊசியா போடறாங்க? கண்ணாடி மேல கைய வைக்கணும், அவ்வளவுதான் சித்தி."

வைத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் பத்துத் திட்டுகள். ஒரு கோடுகூட இல்லை. துடைத்து வைத்தாள், ஈரமாக்கி வைத்தாள், அழுத்தி வைத்தாள். அதே திட்டுகள்.

"கையில எதாச்சும் தடவியிருக்கீங்களாம்மா?" என்றார் அலுவலக ஆள்.

"இல்லியே தம்பி."

அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகள் பீங்கான் கோப்பை மாதிரி வழுவழுவென்றிருந்தன. சிறுவயதில் நான் பிடித்து நடந்த கை. ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

முகத்தில் தேய்க்கும் ஸ்கிரப்புக்காக ஆப்ரிகாட் கொட்டையையும் திராட்சை விதையையும் பொடியாக்கும் தொழிற்சாலையில் சித்திக்கு வேலை. சலித்து வரும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி அள்ளி இரண்டு கையாலும் கசக்குவாள். கூரான குருணை ஒன்று தட்டினாலும் மூட்டை அரவைக்குத் திரும்பும். தட்டாவிட்டால், "தேறிடுச்சு." கையுறை போட்டால் குருணை தெரியாது என்று போடவே மாட்டாள். யார் முகத்திலும் கீறல் விழக் கூடாதாம். அந்த ஸ்கிரப்பை எத்தனையோ ஊர்களின் விடுதிக் குளியலறைகளில் பிதுக்கிப் பிதுக்கித் தேய்த்தவள் நான். பொடி கசக்கிக் கசக்கித்தான் ரேகை தேய்ந்திருக்கிறது என்று அந்த ஆளிடம் சொன்னேன்.

"அப்ப இந்த மெஷினுக்கு நான் ஆளே இல்லியா?" சித்தியின் குரல் உள்ளே போய்விட்டது.

"பொடியத் தொடாம இருங்கம்மா. ரேகை திரும்ப வளரும்னு சொல்றாங்க. அப்புறம் வாங்க."

"பாப்பா அதுவரைக்கும் உள்ளயே இருக்குமா தம்பி?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சித்தி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். விரல்கள் நிறுத்தவில்லை. சமையலறையில் சர்க்கரையை எடுத்துக் கசக்கிக்கொண்டு நிற்பாள்; நான் மணிக்கட்டில் ஒன்று வைப்பேன். குழந்தை அவள் இல்லாமலேயே பிறந்தது. போன் திரையில் அதன் கன்னத்தைத் தடவினாள். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட்டது.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை; மறுபடி கிளம்பிவிட்டேன். மாதங்கள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பேருந்து நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோது சித்தியிடமிருந்து செய்தி வந்தது.

"மெஷின் என்னை ஒத்துக்கிச்சுடி. வந்து சேந்துட்டேன். பாப்பா கன்னத்த ரெண்டு கையாலயும் தொட்டுப் பாத்தேன். தேறிடுச்சு."