மலர் கொடுக்க மறுத்த குரல்கள்

செய்தி வந்தபோது நான் வலயக் கல்வி அலுவலகத்தில் லீவுக் கடிதத்துடன் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பகல் முழுவதும் மலரோடு இருக்க வேண்டுமென்று எண்ணியிருந்தேன். அவருடைய தம்பி குகன் தொலைபேசியில் கதைத்தார். "அக்கா போயிட்டா, ரீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்ட எழுதுவினைஞர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "காரணத்தை மாத்தி எழுதுங்கோ, ரீச்சர்." 'நோயாளியைப் பார்க்க' என்பதை வெட்டிவிட்டு 'மரணச் சடங்குக்கு' என்று எழுதினேன்.

கொழும்பில் எங்களோடு கல்வியும் உளவளத்துணை ஆலோசனையும் என்ற முதுமாணிப் பட்டப் படிப்பைப் படித்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். மலருக்கு ஏன் பட்டம் கிடைக்கவில்லை என்பதற்கு உங்களில் சிலரிடம் ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகள் சொன்னதாகத் தானே எழுதிவைத்தார் என்ற கதை. அது பொய். அதைப் பொய்யென்று சொல்லக்கூடியவளாக அன்று அவரை விசாரித்த குழுவின் அறையில் இருந்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லவில்லை.

மலர் சம்பூர்க்காரி. 2006இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை. பல வருடங்கள் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, அங்கேயே படிப்பித்தார். என்னையும் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான் இருக்கும் நகரத்துக்கு வந்த நாளில் அவர் சொன்னது இது: "வகுப்பில சில பிள்ளையள் வாயே திறக்குதுகள் இல்லை, வாணி. ஏசினாலும் அழுகுதுகள் இல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் சும்மா பக்கத்தில இருக்க எனக்கு ஏலாது."

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறுவோம். சனியும் ஞாயிறும் வகுப்பு. பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். புத்தக ஓரங்களில் அவர் பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதிவைப்பார். ஒருநாள் விரிவுரையாளர் அவரை உதவி தேடி வந்தவராக நடிக்கச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வசனம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு நின்றுவிட்டார். பிறகு தமிழில், "சேர், எனக்கு இங்கிலீசில அழ ஏலாது" என்றார். நாங்கள் சிரித்தோம். என்ன சொன்னார் என்று விரிவுரையாளர் கேட்டார். ஒருவரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

ஆய்வுக்காக மலர் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு பேரோடு புதன்கிழமைகளில் பேசினார். பாடசாலை விட்டபின் நூலக அறையில், பெற்றோரின் சம்மதத்தோடு. பேச்சை ஒலிப்பதிவு செய்துகொண்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "நீ சொல்லுறது வேற ஒருத்தற்றை காதுக்கும் போகாது. உனக்கு ஆபத்தெண்டால் மட்டும், உன்னட்டைச் சொல்லிப்போட்டு உதவி கேப்பன்." மற்றப் பிள்ளைகள் கதவடிக்கு வராமல் பார்த்துக்கொள்ள நானும் புதன்களில் சம்பூருக்குப் போய் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அந்த ஆறு பேரும் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கண்டேன். ஒரு சிறுமி அழுது வீங்கிய கண்களோடு வந்து, என்னைப் பார்க்காமல் கிணற்றடிக்கு ஓடினாள்.

ஆய்வேட்டைப் படித்த பல்கலைக்கழகக் குழுவுக்குச் சந்தேகம் வந்தது. இந்த வயதுப் பிள்ளைகள் இப்படிப் பேசுவார்களா என்று கேட்டு, ஒலிப்பதிவுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். "பேரை மாத்தலாம், ஊரை மாத்தலாம். குரலை எப்பிடி மாத்திறது?" என்றார் மலர். ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மொழிபெயர்ப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு குழுவின் முன் போனார்.

அவர் சொன்னதையெல்லாம் நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். கடைசியில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் அந்தப் பிள்ளைகளைக் கண்டீர்களா?" என்று கேட்டார். என்னுடைய ஆய்வேடும் அதே மேசையில்தான் கிடந்தது. 'எனக்குத் தெரியாது' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மலருக்கு விளங்காத அளவுக்கு அது கடினமான ஆங்கிலம் இல்லை. இன்று எழுதுகிறேன்: கண்டேன். ஆறு பேரையும் கண்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அவர் என் பக்கத்திலேயே இருந்தார். கந்தளாய்க் குளத்தடியில், "உங்கட ஆய்வு சரிவரும், வாணி. முடிச்சுப்போட்டுச் சம்பூருக்கு வாங்கோ. அந்தப் பிள்ளையளுக்கு ஆரும் வேணும்" என்றார். பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அவர் என்னை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அவர் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கினார். வயிற்று வலியைக் குளிசையால் அடக்கிக்கொண்டு, "இதை ஒப்படைச்சிட்டு டொக்டரிட்டைக் காட்டுவம்" என்று மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டார். காட்டியபோது வயிற்றில் கட்டி, இனி வெட்டியும் பயனில்லை என்றார்கள். அதன் பிறகுதான் நான் பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதினேன். விடயம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதை ஆஸ்பத்திரியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இப்ப ஏன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தச் சின்னவள் பள்ளிக்கூடம் வாறாளோ?" என்றார். அழுதுகொண்டு ஓடிய சிறுமியைத்தான் கேட்டார். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று இரண்டு மாதம். நான் "ஓம்" என்றேன். அதுதான் நான் அவரோடு கடைசியாகக் கதைத்தது.

செத்தவீட்டுக்குப் பிறகு வந்த புதன்கிழமை, ஆறு பேருக்கும் சொல்லியனுப்பிவிட்டு, நான் சம்பூருக்குப் போய் அந்த நூலக அறையில் இருந்தேன். அந்தச் சிறுமி மட்டும் வந்தாள், வாசலிலேயே நின்றாள்.

"மலர் ரீச்சர் பதிஞ்ச எங்கட குரலெல்லாம் இப்ப எங்க?"

"ஒரு இடத்திலயும் இல்லையம்மா. அழிச்சிட்டா."

"அப்ப உங்களுக்கு முதலிலயிருந்து சொல்லவேணுமோ?"

"விருப்பமில்லாட்டி வேண்டாம்" என்றேன்.

கதிரையில் வந்து இருந்தாள். ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்விட்டாள். இந்தப் புதன் அவள் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. நான் மட்டும் இருந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

மலரின் பொறுமை எனக்கில்லை. துணிவு இல்லை என்பதை நீங்கள் மேலே வாசித்துவிட்டீர்கள். அவரிடமிருந்து என் கையில் மிஞ்சியிருப்பது அவருடைய புதன்கிழமை ஒன்றுதான். என்னை நம்புவதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காரணமும் இல்லை. வருகிற புதனும் போவேன்.